வேட்டியில் விழுந்த மூன்று சொட்டு

போன கோடையில், மயிலாப்பூரில் எங்கள் ஃப்ளாட்டில் நடந்தது இது. என் மகள் தனக்குப் பிடித்த பையனைப் பற்றி வீட்டில் சொல்லியிருந்தாள். பையனின் அப்பா அம்மா முதல்முறையாக எங்களைப் பார்க்க வருவதாகச் சொன்ன அதே நாளில், பராமரிப்புக்காகக் காலை பத்து மணியிலிருந்து கரண்ட் இருக்காது என்று முன்கூட்டியே அறிவிப்பு வந்தது.

மனைவி பதறினாள். நான் பதறவில்லை. நான் பள்ளியில் வேதியியல் ஆசிரியர். மொட்டைமாடியில் சோலார், பால்கனியில் பாட்டரி. யார் வீட்டுக்கு வந்தாலும் காபிக்கு முன்னால் அதைத்தான் காட்டுவேன். ஆனால் முதல் நாள் மாலை சோதித்துப் பார்த்தபோது, ஃபேன் பத்தே நிமிடத்தில் நின்றுவிட்டது.

காலை ஏழு மணிக்கு, ராயப்பேட்டையிலிருந்து பாட்டரி ரிப்பேர் செய்யும் பாய் வந்தார். அதற்குள் நான் குளித்து, புது வேட்டி கட்டித் தயாராக நின்றேன். பாய் மூடிகளைத் திறந்து பார்த்தார்.

"இன்னா சார், தண்ணியே இல்ல. உள்ள வறண்டு கீது."

டிஸ்டில்ட் வாட்டர் ஊற்ற நான்தான் மறந்திருந்தேன். அந்த வெட்கத்தை மறைக்க, ஈயம், ஈய டை ஆக்சைடு, கந்தக அமிலம் என்று பாடம் எடுக்க ஆரம்பித்தேன். அவர் "ஆமா சார், ஆமா சார்" என்றபடி தண்ணீரை ஊற்றி நிரப்பினார். ஆசிட்டை உறிஞ்சி அடர்த்தி பார்க்கும் கண்ணாடிக் குழாயை அவர் எடுத்ததும், "கொடுங்க பாய், நான் பாக்கறேன்" என்று வாங்கினேன். மூன்று சொட்டு வேட்டியில் விழுந்தது.

"சார், அத்த மாத்திடுங்க. வேட்டி பூடும்."

"இது டைல்யூட் ஆசிட் பாய். இருபது வருஷமா இதைத்தான் சொல்லிக் கொடுக்கறேன்."

அவர் குழாயை வாங்கி வைத்துவிட்டு மூடிகளைத் திருகினார். கரண்ட் போன பிறகு வந்து ஒரு தடவை பார்ப்பதாகச் சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

பதினொரு மணிக்கு விருந்தாளிகள் வந்தார்கள். தெருவே கரண்ட் இல்லாமல் வெக்கையில் கிடக்க, எங்கள் ஹாலில் ஃபேன் ஜம்மென்று சுற்றியது. பையனின் அப்பா அதிகம் பேசாதவர். எப்படி என்பதுபோல் மேலே பார்த்தார். அது போதாதா எனக்கு? பாடத்தை ஆரம்பித்துவிட்டேன். மகள் கண்ணால் கெஞ்சியும் நான் நிறுத்தவில்லை.

பையனின் அம்மா மட்டும் கொஞ்சம் பயந்தார். "ஆசிட்னு சொல்றீங்களே, வீட்டுக்குள்ள ஆபத்து இல்லையா?"

"ஒண்ணுமே ஆகாதும்மா. வாங்க, காட்டறேன்" என்று விருட்டென்று எழுந்தேன்.

டர்ரென்று ஒரு சத்தம். வேட்டியின் முன்பக்கம், நனைந்த காகிதம்போல் தொடை வரை கிழிந்து தொங்கியது. நீர் ஆவியாகும், ஆசிட் ஆகாது. சொட்டு காயக் காய வீரியம் ஏறும். சர்க்கரையைக் கரியாக்கும் அதே வேலையைப் பருத்தியிலும் காட்டும். ஆண்டுதோறும் தேர்வில் நானே கேட்கிற கேள்வி!

சோபா குஷனை முன்னால் பிடித்துக்கொண்டு நான் நின்றபோது வாசல் மணி அடித்தது. பாய். ஒரே பார்வையில் புரிந்துகொண்டார். சிரிக்கவில்லை. பையிலிருந்து, வேலை முடிந்ததும் தான் மாற்றிக்கொள்ள வைத்திருந்த நீலக் கட்டம் போட்ட லுங்கியை எடுத்து நீட்டினார்.

"துவைச்சதுதான் சார், கட்டிக்கோங்க. நான் காட்டன் போட்டுக்கினு இந்த வேலைக்கு வர்றதே இல்ல. பாலியஸ்டர்தான் தாங்கும்."

அதுவரை பேசாத பையனின் அப்பா அப்போதுதான் வாயைத் திறந்தார். "எங்க வீட்டு பாட்டரியையும் கொஞ்சம் பாக்கணும் பாய். சாரோட நம்பர் வேண்டாம், உங்க நம்பர் கொடுங்க."

மனைவிதான் முதலில் சிரித்தாள். பிறகு பையனின் அம்மா, கண்ணில் நீர் வருமளவுக்கு. அரை மணி நேரமாக விறைப்பாக உட்கார்ந்திருந்த இரண்டு குடும்பமும் அதன் பிறகுதான் பேச ஆரம்பித்தது. லுங்கியோடு உட்கார்ந்தே கல்யாண மாதத்தைப் பேசி முடித்தேன்.

சமன்பாட்டைப் பிழையில்லாமல் எழுதுகிறவனுக்கு அந்தப் பொருள் தெரியும் என்று அதுவரை நினைத்திருந்தேன். தினமும் அதைக் கையால் தொடுகிறவர் ஒரு வார்த்தை சொன்னால், இப்போதெல்லாம் என் பாடத்தை நிறுத்திவிட்டு முதலில் அதைக் கேட்டுவிடுகிறேன்.