சாமிக்கா சாமி சொல்லாத பிரசவம்

பிரசவ வார்டின் மூத்த நர்ஸுக்கு அடையாள அட்டையில் ஒரு பெயர் இருக்கிறது. அது சம்பளப் பிரிவுக்கு மட்டும் பயன்படுகிற பெயர். மற்ற எல்லோருக்கும் அவர் சாமிக்கா. பக்தியால் வந்த பட்டம் அல்ல, வாயால் வந்தது. இழுத்தால் வராத மேசை டிராயர் அவருக்குச் சனியன். நேரத்துக்கு வராத லிப்ட் தலையெழுத்து. பெரிய டாக்டர் காலையில் எல்லோரையும் நிற்கவைத்துத் திட்டியிருந்தால், "இன்னிக்கு அர்ச்சனை முடிஞ்சுதா?" என்று கேட்டுக்கொண்டே உள்ளே வருவார். கதவைச் சாத்தச் சொல்வதென்றால்கூட, "புண்ணியமா போகும், அதைக் கொஞ்சம் சாத்து" என்றுதான் வரும். கொட்டாவி விட்டால் அதன் வாலில் ஒரு "கடவுளே" தொங்கும்.

ஆனால் அவர் சாமி கும்பிட்டு யாரும் பார்த்ததில்லை. அவருடைய அப்பா, கடவுள் இல்லை என்பதைக் கடவுள்மேல் சத்தியம் செய்து சொல்கிற மனிதர். அம்மா காலையும் மாலையும் கண்ணை மூடி உட்கார்ந்து, அந்த அப்பாவுக்கும் சேர்த்து வேண்டிக்கொள்கிறவர். இருவருக்கும் நடுவில் வளர்ந்த மகள் எந்தப் பக்கமும் கட்சி சேரவில்லை. இருந்த கொஞ்சம் நம்பிக்கை எப்போது போனது என்று கேட்டால் அவருக்கே தெரியாது. எல்லோரும் கைபேசியில் மணி பார்க்கத் தொடங்கிய பிறகு சுவர்க் கடிகாரம் நின்றுபோனதை யாரும் கவனிப்பதில்லையே, அந்த மாதிரி. முள் நின்றுவிட்டது. மணியோசை மட்டும் எப்படியோ அடித்துக்கொண்டே இருந்தது.

ஊரும் அந்தப் பக்கமாகத்தான் நகர்ந்துகொண்டிருந்தது. மருத்துவமனையின் கீழ்த்தளத்திலிருந்த பிரார்த்தனை அறையில் இப்போது குளுக்கோஸ் பாட்டில் பெட்டிகளை அடுக்கியிருக்கிறார்கள். யாரும் முணுமுணுக்கவில்லை. சேர்க்கைப் படிவத்தில் மதம் என்ற இடத்தில் இளம் தம்பதிகள் ஒரு கோடு இழுத்துவிட்டு அடுத்த கட்டத்துக்குப் போனார்கள். அப்படிக் கோடு இழுத்த பெண்ணே வலி ஏறியதும் தெரிந்த தெய்வம், தெரியாத தெய்வம் எல்லாவற்றையும் கூப்பிடுவாள். "கூப்பிடு, கூப்பிடு. வர்றவங்க வரட்டும், உள்ள இடமிருக்கு" என்பார் சாமிக்கா. வலிக்கு நடுவிலும் அந்தப் பெண்ணுக்குச் சிரிப்பு வந்துவிடும். சிரிக்கிற உடம்பு இறுகாது என்பது அவருடைய தொழில் ரகசியம்.

வயிற்றில் உள்ளங்கையை வைத்தால் குழந்தை எந்தப் பக்கம் முதுகைக் காட்டிப் படுத்திருக்கிறது என்று சொல்லிவிடுவார். கருவியின் பெல்ட்டை வயிற்றில் கட்டி, குழந்தையின் இதயத்துடிப்பு காகிதத்தில் ஓடுவதைப் பார்த்தபடியே பக்கத்துப் படுக்கைக்காரியிடம் வம்பளப்பார். கை பாதி வேலை செய்யும், மீதியை வாய் செய்யும். அந்த வாய்க்கு ஒருநாள் சோதனை வந்தது.

வந்தவர் ஒரு கணக்கு டீச்சர். நிறைமாதத்துக்குக் கொஞ்சம் முன்னால், கண்ணாடிக்கடை வைத்திருக்கும் கணவரோடு வார்டைப் பார்த்துப்போக வந்திருந்தார். இதற்கு முன் வேறொரு மருத்துவமனையில் அவருக்கு ஒரு ஆண் குழந்தை பிறந்து, அழாமலே போய்விட்டது. டீச்சரின் நாத்தனாருக்குச் சாமிக்காதான் பிரசவம் பார்த்திருந்தார். அதனால் அவர்தான் வேண்டும் என்று டீச்சர் கேட்டார். கூடவே ஒரு நிபந்தனையும் வைத்தார்.

"உங்க கை வேணும் சிஸ்டர். உங்க வாய் வேணாம்."

கண்ணாடிக்கடைக்காரர் நெளிந்தார். டீச்சர் நிதானமாக, கரும்பலகையில் படிப்படியாக எழுதுகிற மாதிரி விளக்கினார். போன தடவை எல்லோரும் ஆறுதல்தான் சொன்னார்களாம். கடவுள் கொடுத்தார், அவரே எடுத்துக்கொண்டார் என்றார்கள். அவருக்குப் பிடித்த பிள்ளை என்றார்கள். விதி என்றார்கள். அங்கிருந்த டாக்டர்கூட மேலே கையைக் காட்டினார்.

"எல்லாரும் தூக்கி அவர் மேல போட்டுட்டுப் போயிட்டாங்க. என்ன நடந்துச்சுன்னு ஒருத்தர்கூட எங்கிட்ட சொல்லல. இன்னி வரைக்கும் தெரியாது. அதனால இந்தத் தடவை அந்த ரூம்ல சாமி, கடவுள், விதி எதுவும் காதுல விழக் கூடாது. ஒரு வார்த்தை வந்தாலும் நீங்க வெளிய போயிடணும். வேற யாராவது வரட்டும்."

வேறு நர்ஸைப் போட்டால் வம்பே இல்லை என்றார் பிரசவ வார்டின் டாக்டரம்மா. டாக்டரம்மா வயதில் சின்னவர், நல்ல மாதிரி. ஆனால் சாமிக்காவுக்கு ரோஷம் வந்துவிட்டது. ரோஷம் மட்டுமல்ல. என்ன நடந்தது என்று இன்றுவரை தெரியாது என்று டீச்சர் சொன்ன இடம் அவருக்குள் எங்கோ போய் உட்கார்ந்துகொண்டது.

"நானே பார்க்கறேன் டீச்சர். சாமி சத்தியமா ஒரு வார்த்தை வராது."

முதலில் கண்ணாடிக்கடைக்காரர் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டு தோள் குலுங்கினார். அப்புறம் டீச்சருக்கே அடக்க முடியவில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். இன்றைக்கு வந்ததைக் கணக்கில் சேர்க்கவில்லை, பிரசவத்தன்றுதான் கணக்கு என்று சொல்லிவிட்டுப் போனார்.

சாமிக்காவின் கணவர் பஸ் டிப்போவில் மெக்கானிக். விஷயத்தைக் கேட்டதும் அவருக்குப் பொழுதுபோக்கு கிடைத்துவிட்டது. சாப்பிடும்போது ஒத்திகை வைத்தார்கள். கூடாத வார்த்தை வந்தால் அவர் கரண்டியால் தட்டைத் தட்ட வேண்டும். முதல்நாள் சாப்பாடு பாத்திரக்கடை மாதிரி சத்தமாக முடிந்தது. அடுத்த வீட்டுப் பையனுக்கு வேலை போன கதையைச் சாமிக்கா "பாவம்" என்று ஆரம்பித்தார். டங்.

"அதுவுமா?"

"பாவம், புண்ணியம் எல்லாம் ஒரே கடைச் சரக்குதானே."

"அப்போ நான் வாயையே திறக்கக் கூடாது."

"திறக்காம இரேன். வீடு கோயில் மாதிரி இருக்கும்."

சாமிக்கா எட்டிக் கரண்டியைப் பிடுங்கி அவர் தட்டில் ஒரு தட்டு தட்டினார்.

போகப்போகப் பழகியது. சனியன் என்று சொல்ல வந்த இடத்தில் நின்று பார்த்தால், டிராயரின் திருகு கழன்றிருப்பது தெரிந்தது. தலையெழுத்து என்பதை விழுங்கிவிட்டுப் பார்த்தால், லிப்ட் மேல்மாடியில் சாப்பாட்டு வண்டிக்காக நிற்பது தெரிந்தது. பல்லிடுக்கில் சிக்கியதைத் துழாவுகிற மாதிரி ஒவ்வொரு வார்த்தையாக எடுத்துப் போட்டார். ஒன்றே ஒன்றுதான் வரமாட்டேன் என்றது. இத்தனை வருடமாக, பயந்த பெண் எவளாவது ஒன்றும் ஆகாதில்லையா என்று கேட்டால், அவர் சொல்கிற பதில் ஒன்று உண்டு. கடவுள் இருக்கார்மா, அவர் பார்த்துப்பார். அதை எடுத்துவிட்டு அங்கே என்ன வைப்பது என்று பாத்திரம் கழுவும்போதெல்லாம் யோசித்தார். கிடைக்கவில்லை. அந்தக் கேள்வி வராது என்று தனக்குத்தானே தைரியம் சொல்லிக்கொண்டு விட்டுவிட்டார்.

டீச்சர் ஒரு முற்பகலில் வந்து சேர்ந்தார். மதியத்துக்கு மேல் பனிக்குடம் உடைந்தது. தண்ணீர் தெளிவாக இருந்தது, நல்ல அறிகுறி. சாமிக்கா அதை அப்படியே சொன்னார். தெளிவா இருக்கு டீச்சர், குழந்தை சௌகரியமா இருக்குன்னு அர்த்தம். வார்த்தைகள் நேராக நடந்து வந்ததில் அவருக்கே ஆச்சரியம். ஜன்னல் திரையில் வெயில் மஞ்சளாக ஏறியிருந்தது. உதவிக்கு நின்ற சின்ன நர்ஸ் கையுறைப் பெட்டியைத் தட்டிவிட்டு, "ஐயோ சா..." என்று ஆரம்பித்தாள். சாமிக்கா திரும்பிக்கூடப் பார்க்காமல், "சாவியா? டேபிள் மேல இருக்கு" என்றார். அந்தப் பெண் இல்லாத சாவியைத் தேடப் போனாள்.

முக்குகிற கட்டம் வந்தது. டீச்சர் நன்றாக ஒத்துழைத்தார். வலி வரும்போது முக்குவார், வலி போனதும் சுவரைப் பார்ப்பார். கடவுளை எந்த உருவத்திலும் கூப்பிடவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு வாய்ப்பாடு சொல்கிற மாதிரி ஏதோ முணுமுணுத்தார். கண்ணாடிக்கடைக்காரர் தலைமாட்டில் நின்று தன் மூக்குக்கண்ணாடியை ஓயாமல் துடைத்துக்கொண்டிருந்தார்.

அப்போது கருவியின் சத்தம் மாறியது. ஓடிக்கொண்டிருந்த துடிப்பு நடக்கத் தொடங்கியது. வலி வரும்போது இறங்குவது உண்டு, வலி போனதும் ஏறிவிடும். இந்தத் தடவை ஏறத் தயங்கியது.

டீச்சருக்கும் கேட்டுவிட்டது. தலையைத் தூக்கிச் சாமிக்காவின் முகத்தைப் பிடித்துக்கொண்டார். கையால் அல்ல, கண்ணால்.

"குழந்தைக்கு ஒண்ணும் ஆகாதில்ல சிஸ்டர்?"

பழைய பதில் தொண்டைவரை வந்து நின்றது. கடவுள் இருக்கார்மா. எத்தனை பேருக்குச் சொன்னது, எவ்வளவு வழவழப்பான வார்த்தை. அதைச் சொல்லிவிட்டால் கை லேசாகிவிடும். அது எப்போதும் அப்படித்தான் செய்திருக்கிறது என்பது அந்த நொடியில்தான் அவருக்கு உறைத்தது. அந்தப் பெண்களுக்குச் சொன்ன ஆறுதல் என்று நினைத்தது, பாரத்தை இறக்கிவைக்க அவரே போட்டு வைத்திருந்த ஒரு சுமைதாங்கிக் கல். இன்றைக்கு அது இல்லை. பாரம் அவர் கையிலேயே இருந்தது.

"துடிப்பு இறங்குச்சு டீச்சர்," என்றார். "ஏறக் கொஞ்சம் நேரம் எடுக்குது. தொப்புள்கொடி எங்கயாவது அழுந்தியிருக்கலாம். இடது பக்கமா திரும்பிப் படுங்க, அழுத்தம் குறையும். டாக்டரம்மாவைக் கூப்பிடறேன். சரியில்லைன்னா உங்ககிட்டதான் முதல்ல சொல்லுவேன், மறைக்க மாட்டேன். நான் பார்த்துட்டிருக்கேன்."

சொல்லிக்கொண்டே டீச்சரின் இடுப்பைப் பிடித்துத் திருப்பினார். சின்ன நர்ஸ் டாக்டரம்மாவுக்கு ஓடினாள். டீச்சரின் முகத்தில் ஆக்ஸிஜன் மாஸ்க் ஏறியது. எல்லோரும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். நடந்தது, தயங்கியது, பிறகு யாரோ பின்னாலிருந்து விரட்டியதுபோல் ஓடத் தொடங்கியது.

"கேட்டீங்களா? ஏறிடுச்சு."

டீச்சர் மாஸ்க்குக்குள் தலையை ஆட்டினார். பயம் போகவில்லை. ஆனால் அந்தப் பயத்துக்குத் தரை கிடைத்திருந்தது.

டாக்டரம்மா வந்து காகிதத்தைப் பார்த்துவிட்டு, அடுத்த வலியில் எடுத்துவிடலாம் என்றார். தலை தெரிந்தது. சாமிக்கா ஒவ்வொன்றையும் வாய்விட்டுச் சொன்னார். தலை வருது. நெத்தி. மூக்கு. இப்ப முக்காதீங்க, மூச்சு மட்டும் விடுங்க, கழுத்துல கொடி சுத்தியிருக்கு, ஒரே சுத்துதான், தளர்வா இருக்கு, விரல்ல மாட்டிட்டேன், தலைக்கு மேல தூக்கறேன், எடுத்துட்டேன். இப்ப முக்குங்க.

குழந்தை வழுக்கி வந்து அவர் கையில் விழுந்தது. ஒரு கணம் எல்லோருடைய மூச்சும் எங்கோ வெளியே போயிருந்தது. துண்டால் முதுகைத் தேய்த்தார். குழந்தை முகத்தைச் சுளித்தது, யோசித்தது, பிறகு வார்டு முழுவதையும் எழுப்புகிற மாதிரி அழுதது.

சாமிக்கா குழந்தையை அப்படியே டீச்சரின் மார்பில் போட்டு மேலே துண்டைப் போர்த்தினார். டீச்சர் அழவில்லை. ஈரத் தலையைத் தொட்டார், காதைத் தொட்டார், விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தார். கண்ணாடிக்கடைக்காரர்தான் அழுதார், துடைத்து வைத்திருந்த கண்ணாடி வீணானது. வெகுநேரம் கழித்து டீச்சர் நிமிர்ந்தார்.

"இப்ப சொல்லிக்கலாம் சிஸ்டர். பரவால்ல. எவ்வளவு நேரம்தான் அடக்கி வைப்பீங்க?"

சின்ன நர்ஸ் ஆவலாகத் திரும்பிப் பார்த்தாள். சாமிக்காவும் வாயைத் திறந்தார். தேடிப் பார்த்தார். அந்த இடத்தில் ஒன்றும் இல்லை, அல்லது வேறு ஏதோ நிறைந்திருந்தது.

"பொண்ணு," என்றார். "நல்ல எடை. கழுத்துல கொடி ஒரு சுத்து இருந்துச்சு, அதான் துடிப்பு இறங்குச்சு. வேற ஒண்ணும் இல்ல. இதைத்தான் சொல்லணும்னு வெச்சிருந்தேன்."

டீச்சர் அந்த வாக்கியத்தை மறுபடி சொல்லச் சொன்னார். சாமிக்கா சொன்னார். கொடி எப்படிச் சுற்றும், ஏன் தளர்வாக இருந்தால் பயமில்லை, எல்லாவற்றையும் சொன்னார். அப்புறம் டீச்சர் போன தடவையைப் பற்றிக் கேட்டார். அது எனக்குத் தெரியாது டீச்சர், நான் அங்க இல்ல, ஆனா காகிதமெல்லாம் இருந்தா டாக்டரம்மாவை உட்கார வெச்சுப் படிக்கச் சொல்றேன் என்றார். தெரியாது என்ற அந்த வார்த்தைக்குத்தான் டீச்சர் கடைசியில் அழுதார்.

வேலை முடிந்து வெளியே வந்தபோது லிப்ட் வரவில்லை. "சனியன் பிடிச்ச லிப்ட், என் தலையெழுத்து, கடவுளே" என்று ஒரே மூச்சில் கொட்டித் தீர்த்தார் சாமிக்கா. வாய் திரும்பக் கிடைத்த மாதிரி இருந்தது. பின்னால் வந்த சின்ன நர்ஸ் தட்டுவதற்குக் கரண்டி இல்லையே என்று வருத்தப்பட்டாள். வீட்டில் நடந்த கரண்டிக் கதை அவள் காதுக்கும் போயிருந்தது.

மறுநாள் வார்டில் எல்லாம் பழையபடி. டிராயர் சனியன். டாக்டர் திட்டினால் அர்ச்சனை. புண்ணியமா போகும், கதவைச் சாத்து. மதியம் முதல் பிரசவத்துக்கு வந்திருந்த ஒரு சின்னப்பெண், தெரிந்த தெய்வங்களையெல்லாம் கூப்பிட்டு முடித்துவிட்டு, சாமிக்காவின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்.

"ஒண்ணும் ஆகாதில்லக்கா?"

சாமிக்கா பெல்ட்டைச் சரிசெய்து, சத்தத்தைக் கொஞ்சம் கூட்டி வைத்தார்.

"கேளு. ஓடுது பாரு. இறங்கினா நான் சொல்லுவேன். நான் பார்த்துட்டுதான் இருக்கேன். நீ உன் சாமிகளைக் கூப்பிட்டுக்கோ, புண்ணியமா போகும், கையை மட்டும் விடு, வலிக்குது."