அவர் போட்டுக் கொடுத்த காப்பி

அமெரிக்காவிலிருந்து என் கணவர் முதல் முறை ஊருக்கு வந்தபோது, பெட்டியில் துணிகளுக்கு நடுவே சுற்றி ஒரு கண்ணாடிக் குடுவை கொண்டுவந்தார். மூடியின் நடுவில் ஒரு கம்பி, கம்பியின் அடியில் வட்டமான சல்லடை. பிரெஞ்சு பிரஸ் என்றார். காப்பி போடுவதற்காம். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கல்யாணமான புதிதில் அடுப்புப் பக்கம் வந்து ஒரு சொம்பு வெந்நீர்கூட வைக்காத மனிதர் அவர்.

அவருக்கு வெதுருகுப்பம் பக்கம் ஒரு கிராமம், எனக்குச் சித்தூர். ரெண்டு வீடும் ஒரே சர்ச் சபை. ரெண்டாயிரம் பிறந்தால் கம்ப்யூட்டரெல்லாம் நின்றுபோய்விடும் என்று எல்லாரும் பேசிக்கொண்டிருந்த சமயம் அது. கம்ப்யூட்டர் படித்தவர்களை அமெரிக்காக்காரர்கள் அள்ளிக்கொண்டு போனார்கள். அவரும் போனார். நான் திருப்பதியில் ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸ். விசா வந்ததும் வேலையை விட்டுவிட்டு நானும் போய்ச் சேர்வதாக ஏற்பாடு. போனில் கேட்கும்போதெல்லாம், "பேப்பர் போயிருக்கு, வந்துடும்" என்பார். அந்த ஊர்க் குளிருக்கென்று நான் ஸ்வெட்டர்கூட வாங்கி வைத்துவிட்டேன். திருப்பதி வெயிலில் நான் அதைப் போட்டுப் பார்த்ததும் வார்டில் எல்லாரும் கேலி செய்தார்கள்.

வந்த மறுநாள் காலை அவரே சமையலறைக்கு வந்தார். வீட்டில் இருந்தது ஃபில்டருக்கு அரைத்த பொடி. குடுவையில் போட்டு வெந்நீர் ஊற்றிக் கம்பியை அழுத்தினார். இறங்கவே இல்லை. பலம் கொடுத்து அழுத்தியதும் காப்பி குபுக்கென்று மேலே பொங்கி, சுவரெல்லாம் தெறித்தது.

"இன்னா பொடி இது, மைதா மாவாட்டம்!"

ரெண்டு பேரும் தரையில் உட்கார்ந்து சிரித்தோம். துடைக்கக்கூட எழுந்திருக்கவில்லை. இவ்வளவு நாள் காத்துக்கொண்டிருந்தது இதற்குத்தான் என்று எனக்குத் தோன்றியது.

அன்று சாயங்காலம் காப்பிப்பொடிக் கடைக்குப் போனோம். சிக்கரி கலக்காமல் கொரகொரப்பாக அரைத்துத் தரச் சொன்னார். கடைக்காரருக்கு நம்பிக்கை வரவில்லை. ரவை மாதிரியா என்று தெலுங்கில், "ரவ்வலாகனா சார்?" என ரெண்டு தடவை கேட்டார். "ரவ்வலாகத்தான்" என்று நான் பாதி தெலுங்கும் பாதி தமிழுமாகச் சொன்னேன். சூடான பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டு ஆட்டோவில் வந்தேன்.

அடுத்த நாள் காலை நான் டியூட்டிக்குப் புடவை கட்டிக்கொண்டிருக்கும்போதே தண்ணீர் கொதிக்கும் சத்தம் கேட்டது. போய் நின்றேன். கொதித்த தண்ணீரைக் கொஞ்சம் ஆறவிட்டு, பொடிமேல் ஊற்றி, கரண்டியால் ஒரு கலக்குக் கலக்கி மூடி வைத்தார். நான் தொடப் போனேன்.

"இரு, இரு. ஊறணும்."

பிறகு கம்பியை மெதுவாக அழுத்தினார். அது வழுக்கிக்கொண்டு இறங்கியது. பழகின கை. தினமும் செய்கிற வேலை என்பது பார்த்தாலே தெரிந்தது. பால் காய்ச்சட்டுமா என்று கேட்டேன், வேண்டாம் என்றார். ரெண்டு கப்பில் ஊற்றினார். தன் கப்பில் ஒரு ஸ்பூன் சர்க்கரை போட்டுக் கலக்கினார். இன்னொன்றை அப்படியே என்னிடம் நீட்டினார்.

"உனக்குத்தான் சர்க்கரை புடிக்காதே."

நான் காப்பியில் அள்ளிப் போடுகிற சர்க்கரையைப் பார்த்து, "இது காப்பியா, பாயசமா?" என்று கேட்டவரே அவர்தான். கப்பை வாங்கிக்கொண்டு அவர் முகத்தைப் பார்த்தேன். தான் சொன்னது அவர் காதிலும் அப்போதுதான் விழுந்தது போல. முகம் வெளுத்துவிட்டது.

"யாருங்க அவங்க?" என்றேன்.

ஸ்பூனை எடுத்துக் கழுவினார். கழுவினதையே மறுபடியும் கழுவினார்.

"ஆபீஸ்ல கூட வேலை செய்றாங்க" என்றார் கடைசியில்.

"கூட வேலை மட்டுந்தானா?"

"இல்ல. ஒரே வீட்லதான் இருக்கோம்." மேடையைப் பிடித்துக்கொண்டு அழுதார். "உங்கிட்ட நேர்ல சொல்லணும்னுதான் வந்தேன். உன் முகத்தப் பாத்ததும் வாய் வரல."

"என் விசா பேப்பர்?"

தலையை ஆட்டினார். போடவே இல்லையாம்.

வேறு எவ்வளவோ கேட்டிருக்கலாம். என் வாயில் வந்தது வேறு. "இது அங்க இருந்ததா?" என்று குடுவையைக் காட்டினேன்.

"இது புதுசு. உனக்குன்னே வாங்கினேன். அது அந்த வீட்ல இருக்குது."

நான் அந்தக் காப்பியை நின்றபடியே குடித்து முடித்தேன். கசந்தது. குடித்துவிட்டு டியூட்டிக்குப் போனேன். மத்தியானம் திரும்பியபோது பெட்டியோடு சென்னைக்குப் போய்விட்டிருந்தார்.

விஷயம் கேள்விப்பட்டு நைனா சித்தூரிலிருந்து வந்தார். மருமகனைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. மேடைமேல் இருந்த குடுவையைப் பார்த்து, "இத இன்னும் எதுக்கு வச்சிக்கினு இருக்கே? தூக்கிப் போடும்மா" என்றார்.

"பொடி மிச்சம் இருக்குது, நைனா."

அவருக்கும் அதிலேயே போட்டுக் கொடுத்தேன். பால் இல்லாத காப்பியை நைனா அதுவரை குடித்ததில்லை. ஒவ்வொரு வாய்க்கும் கண்ணை மூடிக்கொண்டு, மீதி வைக்காமல் குடித்தார்.

போதகர் வந்து பேசிப் பார்த்தார். அப்புறம் சித்தூர் கோர்ட்டில் எல்லாம் முடிந்தது. மாமியார் மட்டும் என்னை விடவில்லை. மாங்காய்க் காலத்தில் ஊறுகாய் போட்டு, பஸ் ஏறிக் கொண்டுவருவார். மகன் பேச்சை எடுக்கமாட்டார். "துன்னியா?" என்று கேட்டு, என் தலையைத் தடவிவிட்டுப் போவார்.

சில வருஷம் கழித்து மாமியார் இறந்தபோது ஊருக்குப் போனேன். மகன் விமானம் பிடித்து வந்து சேருவதற்குள் அடக்கம் முடிந்துவிட்டது. ஷாமியானாவின் கீழே உட்கார்ந்திருந்தார். தலை நரைத்திருந்தது. என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார்.

"நல்லா இருக்கியா?"

"இருக்கேங்க."

கிளம்பிவிட்டேன்.

பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்ததும் அழுகை வந்தது. அடக்கப் பார்த்தேன், முடியவில்லை. பக்கத்தில் இருந்த அம்மாள், செத்தது யார் என்று தெலுங்கில் கேட்டார்.

"மா அத்தம்மா" என்று மாமியாரைச் சொன்னேன்.

பாவம், அவர் என் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். திருப்பதி வரும்வரை விடவே இல்லை.