கடலைக் காட்டில் விரித்த துணி

மார்கழிக் காலையில் பைக்கை எடுப்பதற்கு முன்னால் சீட்டைத் துடைப்பது எங்கள் நல்லூர்த் தெருவில் பல் துலக்குவது மாதிரி. பனியன் கம்பெனியில் விழும் துண்டுத் துணி அதற்கென்றே வீட்டில் கிடக்கும். இந்த வருடம் துடைத்துவிட்டுத் துணியைப் பார்த்தேன், பனி ஈரமே இல்லை, வெறும் தூசி. மறுநாளும் அப்படித்தான். மனசு கேட்காமல் அக்கா வீட்டுக்குப் போன் செய்தேன். மச்சான் எடுத்தார். சாண் ஆழத்துக்குக் கீழே மண்ணில் ஈரமே இல்லை, பனியும் இறங்கவில்லை, ஊரில் பாதிப் பேர் விதைக்காமல் உட்கார்ந்திருக்கிறார்கள் என்றார். சரி என்று போனை வைத்துவிட்டேன். எனக்கும் அவருக்கும் நடுவே பத்துப் பன்னிரண்டு வருடமாக ஒரு துணி கிடக்கிறது. அது அவருக்குத் தெரியாது. உங்களிடமாவது சொல்லிவிடுகிறேன்.

அக்காவைக் கட்டிக்கொடுத்தது மடத்துக்குளத்துக்கு வடக்கே, வாய்க்கால் தண்ணீர் எட்டாத கரிசல் காட்டில். அங்கே கொண்டைக்கடலைக்கு யாரும் தண்ணீர் கட்டுவதில்லை. ஐப்பசி மழையில் ஊறிய மண்ணில் முளைத்து, மார்கழிப் பனியைக் குடித்தே காய்த்துவிடும். விடியலில் அந்தச் செடிகளுக்குள் நடந்தால் முழங்கால் வரை நனையும், விரலை நக்கினால் புளிக்கும். அந்தப் புளிப்புக்காகவே நான் லீவு போட்டுவிட்டுப் போயிருக்கிறேன். மேலாளரிடம் சொன்ன காரணம் எப்போதும் வயிற்றுவலி.

அக்கா வீட்டுக் கடலை கடையில் கிடைக்கிற ஜாதி இல்லை. சின்னது, செங்கல் நிறம், மூக்கு மட்டும் கூராக இருக்கும். வருடா வருடம் அக்காவே பொறுக்கி, சாம்பல் கலந்து, பானையில் மூடி வைப்பாள். அந்த விதை அக்கம்பக்கத்தில் வேறு யாரிடமும் இல்லை.

நான் சொல்ல வந்த வருடம் ஒரே ஒரு மழைதான் பெய்தது. மச்சான் கடப்பாரையால் குழி எடுத்து, ஒரு பிடி மண்ணை இறுக்கிப் பிடித்துக் கையை விரித்தார். உருண்டை கொஞ்ச நேரம் நின்றது, பிறகு தானாகவே உதிர்ந்தது. விதைத்துக் கருகிப் போனால் அந்த ஜாதியே போய்விடும். விதைக்காமல் விட்டால் காடு சும்மா கிடக்கும். இப்படிச் சந்தேகம் வந்தால் அவர்கள் வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. வெறும் மண்ணில் அந்தியில் வேட்டியை விரித்துவிட்டு, விடிந்ததும் பிழிந்து பார்ப்பார்கள். மூன்று நாளும் சொட்டினால் பனி கைவிடாது என்று கணக்கு.

வேட்டி கிழிந்து கிடந்தது. நான் விடுவேனா? கம்பெனியில் செக்கிங் வேலை எனக்கு, துணியில் குற்றம் கண்டுபிடிப்பதற்குச் சம்பளம் வாங்குகிறவன். சாயப்பட்டறையிலிருந்து வந்து, கலர் சரியில்லை என்று ஒதுக்கிய இளமஞ்சள் ரோல் ஒன்றில் நாலு மீட்டர் கேட்டு வாங்கிப் போனேன். பனியன் துணி வேட்டியைவிட நன்றாக ஈரம் குடிக்கும் என்று பெருமையாகச் சொல்லியும் வைத்தேன்.

முதல் நாள் விடியலில் துணி சொதசொதவென்று இருந்தது. மச்சான் முறுக்கியதும் சொட்டியது. அவர் சிரித்து அன்றைக்குத்தான் பார்த்தேன். பக்கத்தில் இருந்த அருகம்புல்லைத் தொட்டேன், காய்ந்திருந்தது. துணிதான் எல்லாப் பனியையும் இழுத்துக்கொண்டது என்று நானே விளக்கமும் கொடுத்தேன். இரண்டாம் நாளும் ஈரம். மூன்றாம் நாள் நாங்கள் போனபோது, பட்டியை விட்டு வந்த ஆடுகள் துணியைச் சுற்றி நின்றன. ஒன்றுகூடக் கத்தவில்லை. அத்தனையும் தலையைக் குனிந்து துணியை நக்கிக்கொண்டிருந்தன. விரட்டினாலும் நகரவில்லை.

மச்சான் அதைப் பார்த்துக்கொண்டே, "வெதையப் போட்டர்லாம் மாப்ள" என்றார்.

முளைத்தது. நாலு விரல் உயரம் வந்தது. அதோடு நின்றுவிட்டது. வாடவும் இல்லை, வளரவும் இல்லை. அடுத்த ஞாயிறு போனால் அதே உயரம், அதற்கடுத்த ஞாயிறும் அதே. புழு இல்லை, கொத்த ஒரு குருவி வரவில்லை. மண் வெடிப்பில் குச்சியை விட்டேன், கை முட்டு வரை இறங்கியது, உலர்ந்தே திரும்பி வந்தது. காடு முழுக்கப் பச்சையாக நின்றபடி ஒரு சத்தமும் இல்லாமல் இருந்தது. என் காதுதான் அடைத்துவிட்டதோ என்று செருப்பைத் தரையில் தட்டிப் பார்த்தேன். மச்சான் தினமும் வரப்பில் உட்கார்ந்து அவற்றையே பார்த்துக்கொண்டிருப்பார் என்று அக்கா சொன்னாள்.

அந்த வாரம் கம்பெனிக் குடோனைத் திறந்தேன். ஜன்னல் கிடையாது, கதவு இரவெல்லாம் பூட்டியிருந்தது. மற்ற துணியெல்லாம் உலர்ந்திருக்க, அந்த இளமஞ்சள் ரோல் மட்டும் தொட்டால் கையில் ஒட்டுகிற ஈரத்தில் இருந்தது. பூட்டிய அறைக்குள் எந்தப் பனி வரும்? நுனியை நாக்கில் வைத்தேன். உப்பு. சாயம் பிடிக்கப் போட்ட உப்பைப் பட்டறையில் சரியாக அலசவில்லை. உப்பு காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொள்ளும் என்பது எங்கள் செக்கிங் டேபிளில் எல்லோருக்கும் தெரியும். எனக்கும் தெரியும். காட்டில் நிற்கும்போது தோன்றவில்லை.

பொங்கலுக்கு முன்பே எல்லாம் ஒரே நாளில் வெளுத்துச் சாய்ந்தது. நான் வாயைத் திறக்கவில்லை. பயம்தான், வேறு சாக்கு எதுவும் இல்லை.

போனில் மச்சானின் குரலைக் கேட்டபின் இருப்புக் கொள்ளவில்லை. போன வாரம் பஸ் ஏறிப் போனேன். மச்சான் காட்டுப் பக்கம் போயிருந்தார். அக்கா வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். எதிரில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அவள் கை நிற்கவில்லை.

"தெரியுங் கண்ணு. ரெண்டாம் நாளே வாயில வெச்சுப் பாத்தேன். உப்பாத்தான் இருந்துச்சு."

ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"அத்தன சந்தோசத்துல நின்னாரு. வேண்டாம்னா அந்த வருசம் பூரா வாடுன மொகத்த ஆரு பாக்கறது?"

பானையில் ஒரு படியாவது விதை எடுத்து வைத்திருக்கலாமே அக்கா என்றேன். அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

"எடுத்து வெச்சிருந்தா நான் நம்பலீன்னு அவருக்குத் தெரிஞ்சிருமல்ல கண்ணு. வழிச்சுக் குடுத்துட்டேன்."

அங்கிருந்து வந்த பிறகு அந்த விதையை உடுமலைச் சந்தையில், பெருமாநல்லூர்ச் சந்தையில் எல்லாம் தேடியிருக்கிறேன். மூட்டை மூட்டையாகப் பெரிய வெள்ளைக் கடலைதான் இருக்கிறது. செங்கல் நிறத்தில் ஒரு மணி கூட இல்லை.