கேமராவுக்குக் காட்டிய கொட்டாவி

எட்டாம் வகுப்பில் மூன்று வருஷம் உட்கார்ந்தவன் நான். பெஞ்சு பழகியது, பாடம் பழகவில்லை. அப்படிப்பட்டவனுக்கு ஓசூரில் பம்பு பாகம் செய்கிற ஒரு கம்பெனியில் பதினோரு வருஷம் வேலை ஓடியதே அதிசயம்தான். காண்ட்ராக்ட் வேலை.

போன வருஷம் எங்கள் லைனுக்கு மேலே ஒரு கேமரா மாட்டினார்கள். யார் தூங்குகிறான், யார் கையை நிறுத்துகிறான் என்று அதுவே கண்டுபிடித்துக் குறித்துக்கொள்ளுமாம். ஆள் பார்க்க வேண்டாம், ஏஐ பார்த்துக்கொள்ளும் என்றார்கள். ஆங்கிலத்தில் ஒரு தாள் வந்தது. எல்லோரும் கையெழுத்துப் போட்டார்கள், நானும் போட்டேன்.

லைனில் நான்தான் கோமாளி. சூப்பர்வைசர் வந்தால் மெஷின்மேல் தலையைச் சாய்த்துக் குறட்டை விட்டுக் காட்டுவேன். அவர் சிரித்து, முதுகில் ஒன்று வைத்துவிட்டுப் போவார். கேமராவுக்கும் அதே மரியாதை செய்தேன். தினமும் டீ மணிக்கு முன்னால் அண்ணாந்து ஒரு கும்பிடு, ஒரு கொட்டாவி, கண்ணை மூடி ஒரு குறட்டை. லைனே சிரிக்கும். வேலையில் ஒருநாளும் நான் பின்தங்கியதில்லை.

ஒரு திங்கட்கிழமை என் கார்டுக்கு கேட் திறக்கவில்லை. ஹெச்.ஆர். பெண்ணுக்கு என் மகள் வயதிருக்கும். கம்ப்யூட்டரைத் திருப்பிக் காட்டியது. வரிசையாக என் மூஞ்சி, எல்லாவற்றிலும் கண் மூடி. நான் நடித்ததிலேயே நல்ல நடிப்பு அதுதான்.

"அது தமாஷுக்குப் பண்ணதும்மா. சூப்பர்வைசரக் கேட்டுப் பாரு."

"கேட்டேண்ணா. அவரும் அதேதான் சொல்றாரு. ஆனா சிஸ்டத்துல தமாஷுன்னு போட எடமே இல்ல. கேமரா குடுத்த பெங்களூர்காரங்கதான் மாத்தணும்."

அத்திப்பள்ளி தாண்டி பெங்களூர் போனேன். எனக்குச் சந்தையில் பேரம் பேசுகிற அளவுக்குக் கன்னடம் வரும். அங்கே இருந்தவர் பொறுமையாகக் கேட்டார். நாங்கள் மெஷினைக் கொடுத்தோம், அவ்வளவுதான். உன்னை நிறுத்தியது உங்கள் கம்பெனி, அது தமிழ்நாட்டில் இருக்கிறது, அங்கே போய்க் கேள் என்றார்.

கிருஷ்ணகிரி லேபர் ஆபீசுக்குப் பஸ் ஏறினேன். குருபரப்பள்ளி வரைக்கும் ஆபீசரிடம் எப்படிப் பேசுவது என்று வாய்க்குள்ளேயே ஒத்திகை பார்த்தேன். பக்கத்து சீட்டுக்காரர் எழுந்து வேறு சீட்டுக்குப் போய்விட்டார். ஆபீசர் என் மனுவை இரண்டு தரம் படித்தார். மனுஷன் நிறுத்தியிருந்தால் கூப்பிட்டு விசாரிக்கலாம், மெஷினைத் திறந்து காட்டு என்று கேட்கத் தனக்கு அதிகாரம் இல்லை என்றார். இதற்கென்று நம் மாநிலத்தில் சட்டம் எழுதப்போவதாகப் பேசிக்கொள்கிறார்களாம்.

"வந்தா எனக்கு வேல திரும்பக் கெடைக்குங்களா சார்?"

"வந்ததுக்கு அப்பறம் நடக்கறதுக்குத்தாம்பா அது செல்லும்."

பிறகு நாலு கம்பெனி கேட்டில் நின்று பார்த்தேன். நாற்பத்தாறு வயசு என்றதும் போன் நம்பரை மட்டும் வாங்கிக்கொள்கிறார்கள்.

வீட்டில், சட்டம் வரப்போகிறது என்று மட்டும் சொன்னேன். மீதியைச் சொல்ல வாய் வரவில்லை. அதிலிருந்து என் மனைவி சீரியலை விட்டுவிட்டு டிவியில் செய்தி பார்க்கிறாள். முடிகிற வரைக்கும் எழுந்திருப்பதில்லை.

"இன்னைக்கும் ஒண்ணும் சொல்லலியே" என்கிறாள்.

"நாளைக்குச் சொல்லுவாங்க" என்கிறேன்.