நகவெட்டிச் சின்னம்

திங்கட்கிழமை காலை, வெயில் பால்கனியின் பாதிவரை வந்திருந்த வேளையில், நகம் வெட்டிக்கொள்ள உட்கார்ந்தேன். நகவெட்டி என் மனைவி எமிலியின் தையல் டப்பாவில் இருக்கும். மூடியைத் திறந்ததும் யூகலிப்டஸ் தைலத்தின் மணம். தைலப் புட்டி காலியாகி மாதங்கள் ஆகிவிட்டன. நூற்கண்டுகள்தான் அதை விடாமல் பிடித்து வைத்திருக்கின்றன. இதற்குக் காரணம் சொல்லக்கூடிய வேதியியல் நண்பர்கள் எனக்குண்டு. நான் புள்ளியியல் கற்பித்தவன். என்னிடம் விளக்கம் இல்லை.

அப்போதுதான் அமெரிக்காவிலிருந்து மகன் அழைத்தான். அங்கே ஞாயிறு மாலை. அதிபர் தேர்தல் நெருங்குகிறது. அவனுடைய தமிழ்ச் சபையில் ஆராதனை முடிந்தபின் பெரியவர்கள் ஒரு மணி நேரம் இதையே பேசினார்களாம்.

"ஒருத்தர் பேசுறது சபைக்குப் புடிக்குது, ஆனா அவர் வாழ்க்கைய பிள்ளைங்ககிட்ட சொல்ல முடியலப்பா. இன்னொருத்தர் கொள்கைக்கு மனசாட்சி இடம் குடுக்கல. மூணாவதா ஒரு சின்னக் கட்சி ஆள் நிக்கிறார், நல்ல விசுவாசி. அவருக்குப் போட்டா ஓட்டு வீண்ங்கிறாங்க." பிறகு கேட்டான்: "நம்ம ஊர் எலெக்‌ஷன்ல அம்மா யாருக்குப்பா போட்டாங்க?"

அவள் அடக்கத்துக்கு வந்திருந்தபோது கேட்க மறந்துவிட்டானாம்.

இதே பேச்சு இதே பால்கனியில் நடந்தது என்று சொன்னால் நீங்கள் நம்பமாட்டீர்கள். ராஜா அண்ணாமலைபுரத்தில் நாங்கள் குடியேறிய நாள்முதல், ஞாயிறு ஆராதனை முடிந்ததும் இருவர் தவறாமல் எங்கள் வீட்டுக்குத் தேநீருக்கு வருவார்கள். ஒருவர் ஆசீர்வாதம் அண்ணன். ரயில்வேயில் ஓய்வு பெற்றவர், நெல்லைப் பேச்சை இங்கே ஐம்பது வருடம் இருந்தும் கைவிடாதவர். மற்றவர் இம்மானுவேல், தி. நகரில் கைப்பைக் கடை வைத்திருப்பவர், இந்த நகரத்திலேயே பிறந்து வளர்ந்தவர். சினிமாவைக்கூடச் சந்தேகத்தோடு பார்க்கும் கூட்டம் நாங்கள். வேதத்துக்கு அடுத்தபடி நாங்கள் அதிகம் தர்க்கம் செய்தது தேர்தலைப் பற்றித்தான்.

இவ்வாண்டு நாடாளுமன்றத் தேர்தலில் எங்கள் தொகுதியில் ஒரு சுயேச்சை நின்றார். ஓய்வுபெற்ற ஓவிய ஆசிரியர்; நெற்றி நிறையத் திருநீறு. ஞாயிறுதோறும் ஆலய வாசலுக்கு வெளியே நின்று, வணக்கம் சொல்லித் துண்டறிக்கை கொடுப்பார். மதுக்கடைகளை மூட வேண்டும் என்பது ஒன்றே அவர் கோரிக்கை. அவருக்குக் கிடைத்த சின்னம் நகவெட்டி.

"போயும் போயும் நகவெட்டியா சார்? மைய வெக்கிறதே நகத்துல. அத்த வெட்டிக் கடாசுன்னு சின்னம் குட்துக்கீறாங்க பாரு!" என்று இம்மானுவேல் சிரித்தார்.

"சிரிக்காதடே," என்றார் ஆசீர்வாதம் அண்ணன். "நம்ம சனத்துக்குக் காவல் யாருன்னு பாத்துப் போடணும். ஓட்டு பிரிஞ்சி வேற ஆளு வந்துட்டாம்னா, நாளைக்கு வெபூதிக்காரரா வந்து நிப்பாரு?"

"அதுவும் கரெக்ட்தான். ஆனா கடைய மூடுன்றவரு அவுரு ஒருத்தர்தானே அண்ணே? நம்ம சபைல யாரு வாயத் தொறந்தாங்க?"

எமிலி தேநீர்க் கோப்பைகளைத் தட்டில் அடுக்கிக்கொண்டிருந்தாள். அவளுடைய ஒரே தம்பி குடியால் இறந்தவன். எங்கள் மூவருக்கும் அது தெரியும். அந்தப் பெயரைச் சுற்றிக்கொண்டுதான் எங்கள் பேச்சு எப்போதும் நகரும். அன்றைக்கு நான் என் துறையின் துணையை நாடினேன். இலட்சக்கணக்கான வாக்குகளில் ஒரு வாக்கு முடிவை மாற்றும் வாய்ப்பு ஏறக்குறையப் பூச்சியம். வெல்லவே முடியாதவருக்கு அளிக்கும் வாக்கோ பூச்சியத்திலும் பூச்சியம் என்று, கரும்பலகை இல்லாத குறையாக விளக்கினேன்.

"ஜெபம் பண்றப்பவும் இப்படித்தான் கணக்குப் பாப்பீங்களா?" என்றாள் எமிலி.

"அக்கா போட்டாங்க பாரு ஒரு போடு!" என்று இம்மானுவேல் தொடையில் தட்டிக்கொண்டார். ஆசீர்வாதம் அண்ணன் தேநீரை ஊதினார். சூடே இல்லாத தேநீர்.

வாக்குப்பதிவன்று நானும் எமிலியும் வாக்குச்சாவடிக்கு நடந்தே போனோம். முந்தைய வாரம் முழுவதும், சுயேச்சைக்காக ஒலிபெருக்கி கட்டிச் சுற்றிய ஒரே ஆட்டோ எங்கள் தெருமுனையில் நிற்கும். அதன் ஓட்டுநர் எமிலியிடம், "யம்மா, நம்ம வாத்தியாரு மொத மிஷின்ல இல்ல. ரெண்டாவது மிஷின்ல கடைசியா கீறாரு. அவசரப்பட்டு வேற எதுனா அமுக்கிடாதே" என்று பாடம் நடத்தியிருந்தார். என் வேலை சீக்கிரம் முடிந்தது. வழக்கமான பொத்தானை அழுத்திவிட்டு வேப்பமர நிழலில் நின்றேன். கதவின் வழியே மறைப்பு அட்டைக்கு மேல் எமிலியின் கொண்டை மட்டும் தெரிந்தது. அது நகரவே இல்லை. வரிசையில் இருந்த பெண்கள் முணுமுணுத்தார்கள். "யம்மா, சீக்கிரம்" என்று அதிகாரி குரல் கொடுத்தபிறகும் கொண்டை அப்படியே இருந்தது. பிறகுதான் இயந்திரத்தின் நீண்ட ஒலி.

"என்ன இவ்வளவு நேரம்?"

"தேடினேன்."

"எதை?"

"பைல கண்ணாடிய." சிரித்துவிட்டு, மை காயாத விரலை விலக்கிப் பிடித்தபடி நடந்தாள். "ரிசல்ட் அன்னைக்குச் சொல்றேன். இப்ப சொன்னா வீண்னு நிரூபிச்சிருவீங்க."

நம் நாட்டில் வாக்களிப்புக்கும் எண்ணிக்கைக்கும் இடையே வாரங்கள் கிடக்கின்றன. அவற்றில் ஒரு ஞாயிறு, ஆலயத்துக்குப் புறப்பட்டுச் சேலை மடிப்பைச் சரிசெய்துகொண்டிருந்தவள் கட்டிலில் உட்கார்ந்தாள். எழுந்திருக்கவில்லை.

சபைப் பெண்கள் எங்கள் வழக்கப்படி அவள் கைகளுக்கு வெள்ளை உறை அணிவித்தார்கள். இடது கைக்கு அணிவிக்குமுன் என்னைப் பார்க்க விட்டார்கள். ஆள்காட்டி விரலில் மை இருந்தது. நகத்தின் அடியில் புதிதாக ஒரு வெள்ளைக் கீற்று வளர்ந்து, மையைச் சிறிது மேலே தள்ளியிருந்தது.

எண்ணிக்கை நாளில் தொலைக்காட்சி அந்த ஆசிரியரின் பெயரைச் சொல்லவில்லை. பிறகு இணையத்தில் தேடி எடுத்தேன்: சில நூறு வாக்குகள். அவற்றில் ஒன்று அவளுடையதாக இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். ஒன்றைக் கூட்டினாலும் கழித்தாலும் முடிவு மாறாது என்று தலைமுறைகளுக்குக் கற்பித்தவன், அந்த ஒன்றைப் பார்த்தபடி அந்தி மயங்கும்வரை உட்கார்ந்திருந்தேன்.

இப்போது ஆசீர்வாதம் அண்ணன் கொட்டிவாக்கத்தில் மகள் வீட்டோடு போய்விட்டார். இம்மானுவேல் வாசல்வரை வருகிறார். கீழிருந்தே கையசைத்துவிட்டு, கடைக்கு நேரமாகிவிட்டது என்கிறார். தேநீர் தருவதற்கு ஆளில்லாத வீட்டில் தர்க்கம் செய்ய அவருக்குக் கூச்சம் போலும். ஆலய வாசலில் இப்போது யாரும் துண்டறிக்கையோடு நிற்பதில்லை.

மகன் தொலைபேசியில் காத்திருந்தான்.

"தெரியாதுப்பா," என்றேன். "அம்மா சொல்லல. ஆனா உள்ள போய் ரொம்ப நேரம் நின்னாங்க. பின்னால எல்லாரும் சலசலன்னு பேசினாங்க. திரும்பிக்கூடப் பாக்கல."

மறுமுனையில் அவன் குழந்தை எதற்கோ அழும் ஓசை கேட்டது. "சரிப்பா," என்றான். "அது போதும்."

அவன் வைத்தபின் விட்ட இடத்திலிருந்து நகம் வெட்டத் தொடங்கினேன். என் விரலின் மை, வளர்ந்து வளர்ந்து நுனிக்கு வந்து, மழைக்கு முன்பே ஒருநாள் இதே நகவெட்டியால் செய்தித்தாளில் விழுந்தது. தாளோடு மடித்துப் போட்டுவிட்டேன். இன்று விழுந்தவை எல்லாம் வெறும் வெள்ளைத் துண்டுகள்.