மூன்றாவது அழைப்பு

திருப்பூரில் நான் கணக்கு எழுதிய பனியன் கம்பெனியில் ஒரு கட்டிங் மாஸ்டர் இருந்தார். தூத்துக்குடிப் பக்கத்துக்காரர், ஒல்லியான ஆள். புருவத்தில் எப்போதும் பஞ்சுத் தூசி படிந்திருக்கும். டீ நேரத்தில் வாயைத் திறந்தால், நானூறு வருஷத்துக்கு முன் போர்ச்சுகலில் வாழ்ந்த ஒரு பேராயரின் கதைதான். ஏதோ அடுத்த தெருக்காரரைப் பற்றிச் சொல்வதுபோல் சொல்வார்.

“கொள்ளைநோய் வந்தப்ப பணக்காரன்லாம் ஊரைவிட்டு ஓடிட்டான், தம்பி. இவரு கழுதை மேல ஏறி வீடுவீடா போனாரு. அந்தப் பதவியையே ரெண்டு தடவை வேண்டாம்னவரு. மூணாவது தடவைதான் ஒத்துக்கிட்டாரு.”

ஒருநாள் முதலாளி அவரைக் கூப்பிட்டு, “மாஸ்டர், நீங்களே மேனேஜரா இருந்துக்குங்க” என்றார்.

“எனக்கு அந்தத் தகுதி கிடையாதுய்யா” என்று மாஸ்டர் கைகட்டி நின்றார்.

அடுத்த வாரமும் முதலாளி கேட்டார். அதே பதில்தான். அதன்பின் மாஸ்டர் தினமும் தேய்த்த சட்டையில் வர ஆரம்பித்தார். ஆனால் முதலாளி மூன்றாவது முறை கேட்கவே இல்லை. சோமனூர்க்காரர் ஒருவரைக் கூட்டி வந்து அந்த நாற்காலியில் உட்கார வைத்துவிட்டார்.

“வருத்தமாங்க மாஸ்டர்?” என்று கேட்டேன்.

மேஜையில் விரித்த துணியை நீவிக்கொண்டே சொன்னார்: “பேராயரு வயசான காலத்துல பதவியை விட்டுட்டு, ஒரு சின்ன அறையில போயி நிம்மதியா இருந்தாரு. அத்தனை வருஷம் கஷ்டப்பட்டு அவரு வந்து சேர்ந்த எடத்துக்கு, நான் நேரா வந்துட்டேம்லா.”

நான் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. தன்னைத் தேற்றிக்கொள்ளச் சொன்னாரா, நிஜமாகவே அப்படி நினைத்தாரா என்பது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.