உறைந்த நீருக்குள் ஓர் உருளைக்கிழங்கு வைரஸ்

வைரஸை உறைய வைத்துப் படம் பிடிப்பது எங்கள் தொழில். அதைவிடக் கஷ்டமானது, என்ன வேலை செய்கிறோம் என்று வீட்டில் சொல்லிப் புரிய வைப்பது. இதே அவதியில் இருக்கும் அனைவருக்கும் என் அனுதாபங்கள்.

சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வைரஸ் கலந்த நீரை மெல்லிய படலமாக்கி, கண் மூடித் திறப்பதற்குள் கடுங்குளிரில் உறைய வைப்போம். பனிக்கட்டியாக மாற நேரமில்லாமல் நீர் கண்ணாடிபோல இறுகிவிடும். வைரஸ் இருந்தது இருந்தபடியே உள்ளே நிற்கும். அதை இலத்திரன் நுணுக்குக்காட்டியில், அதாவது எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்பில், படம் பிடித்து, மங்கலான ஆயிரக்கணக்கான படங்களைக் கணினியில் ஒன்று சேர்த்தால் அதன் முழு உருவம் கிடைக்கும்.

நான் இலங்கையில் பூனாகலைத் தேயிலைத் தோட்டத்துப் பெண். பதுளையில் ஒரு சின்ன ஆய்வுகூடத்தில் இலையிலிருந்து வைரஸைப் பிரித்தெடுக்கிறேன். நுணுக்குக்காட்டி ஜெர்மனியில் இருக்கிறது. அதை இயக்குகிறவள் என்னோடு படித்த மதுரைக்காரி கவிதா. அவள் படம் பிடித்து இணையத்தில் அனுப்புவாள். கணக்குப் போடுவது நான்.

நல்ல இலை வேண்டாம்

வெலிமடைப் பக்கம் உருளைக்கிழங்குச் செடிகளில் இலை மஞ்சளும் பச்சையுமாகத் திட்டுத் திட்டாகப் போகிறது, கிழங்கு சிறுத்துவிடுகிறது என்று கேள்விப்பட்டுப் போனேன். தோட்டக்காரர் பெருமாள் அண்ணன் நல்ல மனிதர். பதுளையிலிருந்து ஒரு மிஸ் வந்திருக்கிறாளே என்று, இருப்பதில் பசுமையான இலைகளாகத் தேடிப் பறித்து, கழுவி, வாழை இலையில் சுற்றிக் கொண்டுவந்து கொடுத்தார்.

"இது வேண்டாம் அண்ணே, ரொம்ப மோசமானது எங்க இருக்கு?" என்றேன். அவர் முகம் விழுந்துவிட்டது. வருகிறவர்கள் கண்ணில் படாமல் இருக்கட்டும் என்று நினைத்த மூலைக்கே கூட்டிப் போனார். நான் ஒவ்வொரு செடியாகத் திருப்பிப் பார்த்து, "இது அவ்வளவு போதாது, இது பரவாயில்லை" என்று பொறுக்கியதைக் கைகட்டிப் பார்த்துக்கொண்டு நின்றார். கடைசியில் சொன்னார்:

"மகனுக்குப் பொண்ணு பார்க்கிற மாதிரியில்ல மிஸ் நோயைப் பார்க்கிறீங்க!"

மாட்டு டாக்டரின் தாங்கி

பறித்த இலை கெடாமல் இருக்கத் திரவ நைதரசன், அதாவது கடுங்குளிரான நைட்ரஜன் திரவம், வேண்டும். பதுளையில் எனக்குத் தெரிந்து அது நிமல் டாக்டரிடம்தான் இருந்தது. அவர் மாட்டு வைத்தியர்; பசுக்களுக்குப் போடும் சினை ஊசி மருந்தை அது நிரப்பிய தாங்கிக்குள்தான் பத்திரப்படுத்துவார். சிங்களவர், தோட்டம் தோட்டமாகப் பசு பார்த்துப் பார்த்து நம்மைப் போலவே தமிழ் பேசுவார்.

பாதி இலைகளை அவருடைய தாங்கியில் ஓர் ஓரமாக வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டேன். யோசித்தார். இது மாட்டைத் தொடாது, செடிக்கு மட்டும்தான் என்று விளக்கினேன். டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு உள்ளே இறக்கினார். மூடியை மூடிய பிறகு சொன்னார்:

"நாளைக்கு எந்தக் கன்னுக்குட்டியாவது உருளைக்கிழங்கு மாதிரி பொறந்துச்சுன்னா, பதில் சொல்றது நீங்கதான், சரியா?"

சாம்பல் திரை

கையிலிருந்த பாதி இலைகளிலிருந்து வைரஸைப் பிரித்துக் கவிதாவுக்கு அனுப்பினேன். படங்கள் வரத் தொடங்கிய அன்று பூனாகலையிலிருந்து செல்வி அக்கா வந்திருந்தாள். கொழுந்து பறித்து என்னைப் படிக்க வைத்தவள். தங்கச்சி கண்டுபிடித்ததைப் பார்க்க நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். நான் ஒவ்வொரு படமாகத் திறந்தேன். எல்லாம் சாம்பல் நிறம். சாம்பலுக்குள் இன்னும் கொஞ்சம் சாம்பல்.

நூல் நூலாகத் தெரிய வேண்டிய வைரஸ் உடைந்து துகளாகக் கிடந்தது. படலத்தின் மேற்பரப்பில் காற்றைத் தொட்டதும் நொறுங்கிவிடுகிறது என்று கவிதா சொல்லியனுப்பியிருந்தாள். எனக்கு அழுகை முட்டியது. அக்காவுக்கு அது தெரியவில்லை. திரையைக் கூர்ந்து பார்த்து, மெதுவாகக் கேட்டாள்:

"ஏன்டி, இவ்வளவு படிச்சிட்டு டீவி ரிப்பேர் வேலைக்கா போற?"

இடமும் வலமும்

மறுபடி இலை கேட்டுப் பெருமாள் அண்ணனுக்குப் போன் போட்டேன். நோய்ச் செடிகளைப் பிடுங்கி எரித்துவிட்டாராம். அவர் செய்தது சரிதான். நானே அப்படித்தான் சொல்லியிருப்பேன். மிச்சம் இருந்தது மாட்டு டாக்டரின் தாங்கிக்குள் இருந்த இலைகள் மட்டும். அதுவும் போனால் அடுத்த போகத்தில் நோய் வரும்வரை காத்திருக்க வேண்டும். நோய் வரட்டும் என்று எந்த வாயால் வேண்டிக்கொள்வது?

அதையும் எடுத்துப் பிரித்து அனுப்பினேன். இந்தத் தடவை கவிதா வைரஸைக் காற்றுப் பக்கம் போகாதபடி மெல்லிய கரித் தகட்டில் ஒட்ட வைத்து உறைய வைத்தாள். நூல்கள் முழுசாக நின்றன. பதுளை மழையில் மின்சாரம் போய்ப் போய் வந்தாலும், கணக்கு முடிந்து உருவம் எழும்பியது. சுருள் சுருளாக ஏறும் புரதங்கள், நடுவே மரபணு இழை. உடனே கவிதாவுக்கு அனுப்பினேன்.

எங்கள் படங்கள் வெறும் நிழல்கள். நிழலை வைத்து வலக்கையா இடக்கையா என்று சொல்ல முடியாது. நுண்ணிய விவரம் தெளிந்த பிறகுதான், புரதத்தின் சுருள் எந்தப் பக்கம் திரும்புகிறது என்று பார்த்துச் சரிசெய்வோம். சந்தோஷத்தில் நான் அதைப் பார்க்கவில்லை. கவிதா பார்த்தாள்.

"ரொம்ப அழகா இருக்குடி. ஆனா இந்த வைரஸ் முகம் பார்க்கிற கண்ணாடிக்குள்ள மட்டும்தான் இருக்கும்."

வாய் எங்கே?

திருப்பிச் சரிசெய்த படத்தைப் பெரிதாக அச்சடித்து, வெலிமடையில் விவசாயிகள் கூடியிருந்த இடத்துக்குக் கொண்டுபோனேன். இதைக் கொல்ல மருந்து கிடையாது என்று முதலிலேயே சொல்லிவிட்டேன். ஆனால் வைரஸின் மேல்தோல் எப்படியிருக்கிறது என்று தெரிந்ததால், விதைக் கிழங்கில் வைரஸ் இருக்கிறதா என்று நடுவதற்கு முன்பே சோதிக்க வழி தேடலாம் என்றேன்.

ஹல்துமுல்லையில் தேயிலைக் கொழுந்து எடுத்துவிட்டு, இப்போது இங்கே குத்தகைக்குக் கிழங்கு போடும் மேரி அக்கா எழுந்து முன்னால் வந்தார். படத்தை மேலும் கீழும் விரலால் தடவிப் பார்த்தார். "இதுக்கு வாய் எங்க இருக்கு?" என்றார். வாய் இல்லை என்றேன். வயிறு? அதுவும் இல்லை. செடிக்குள் புகுந்து, தன்னைப் போல இன்னொன்று செய்யச் சொல்லிச் செடியையே வேலை வாங்கும். தானாக எதையும் செய்யாது என்றேன். மேரி அக்கா கூட்டத்தின் பக்கம் திரும்பினார்:

"அடேங்கப்பா, இது நம்ம தோட்டத்துத் துரைமாருக்குச் சொந்தக்காரன் போல இருக்கே!"

நுணுக்குக்காட்டி எனக்குக் காட்டுவது வைரஸின் உடம்பை மட்டும்தான். அதன் குணம் தெரிய வேண்டுமானால் நான் வெலிமடை பஸ்ஸைத்தான் பிடிக்க வேண்டியிருக்கிறது.